ஒன்றாம் நம்பர் கறுப்பு

என் மனைவி தலைக்கு டை அடிப்பதைப் பதினைந்து வருடமாகப் பகிடி பண்ணி வந்தவன் நான். ஐந்து கிழமைக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்த கையோடு குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். அப்பார்ட்மென்ட் முழுக்க அமோனியா மணக்கும். கொஞ்ச நேரத்தில் கதவு இரண்டு அங்குலம் திறந்து, "இஞ்சருங்கோ, பின்பக்கத்தை ஒருக்கால் பாத்துவிடுங்கோ" என்று குரல் வரும். பிடரிப் பக்கம் மட்டும் என் பொறுப்பு. மற்றதெல்லாம் அவளே செய்வாள்.

"ஆருக்குக் காட்ட உந்த அலங்காரம்? பேக்கரியிலை தலைக்கு வலைத்தொப்பி போட்டுக்கொண்டு பாண் அடுக்கிறீர். பாணுக்குக் காட்டவோ?" என்று கேட்பேன்.

"உங்களுக்குப் பக்கத்திலை கிழவியாத் திரியச் சொல்லுறியளோ?" என்பாள். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். அவளுக்கும் வாய் சும்மா கிடக்காது. எங்கள் வீட்டில் சண்டையில் போய் முடியாத பேச்சு அநேகமாக இது ஒன்றுதான்.

ஊரில் போர் முடிந்த அந்த வருடம், மாசி மாதத்துக்குப் பிறகு அவள் டை அடிக்கவில்லை. நேர்த்தி, விரதம் என்று ஒன்றுமில்லை. மனம் அதில் இல்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு ஒரே ஒரு தம்பி. எட்டு வயது இளையவன். தாய் தகப்பன் முன்பே போய்விட்டார்கள். அவன் கலியாணமும் கட்டாமல் வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தான். மாசியில் யாரோ ஒருவருடைய போனிலிருந்து இரண்டு நிமிடம் பேசினான். "இடம் மாறுறம் அக்கா. பிறகு எடுக்கிறன்" என்றான். பிறகு எடுக்கவில்லை. பங்குனி போனது, சித்திரை போனது. இவள் வேலை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேரே சப்வே ஏறி, போரை நிறுத்தச் சொல்லி மற்றச் சனத்தோடு சேர்ந்து டவுன்டவுன் றோட்டில் போய் நிற்பாள். தம்பியின் படத்தை ஒரு காட்போர்ட் மட்டையில் ஒட்டி வைத்திருந்தாள். வைகாசியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று ரீவியில் சொன்னார்கள். அன்றைக்கு அவள் அழவில்லை. மட்டையைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு, அகதி முகாமுக்குள் வந்து சேர்ந்த ஆட்களின் பெயர் யாரிடம் கிடைக்கும் என்று போன் எடுக்கத் தொடங்கினாள்.

செய்தி இல்லை. இருக்கிறான் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அவளுடைய வகிட்டின் இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்கு நரை வந்திருந்தது. எனக்குக் கண் இருந்தது, பார்த்தேன். வாயைத் திறக்கத்தான் பயமாக இருந்தது. எதைச் சொல்லி எங்கே போய் முட்டுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சொல்லாமல் கொள்ளாமல், பக்கத்து நகரமான அஜக்ஸிலிருந்து ஒரு அன்ரியும் அங்கிளும் வந்தார்கள். மனைவியின் தாய் வழியில் ஏதோ தூரத்துச் சொந்தம். அதற்கு முந்தின கிழமை தமிழ்க் கடையில் இவளைக் கண்டிருக்கிறார்கள். அன்ரி வெளிர் நிறத்தில் ஒரு நூல் சேலை உடுத்து, கையில் பெரிய பை ஒன்றோடு நின்றா. பைக்குள் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, ரசம் எல்லாம் தனித்தனிப் பாத்திரங்களில் இருந்தன. "சமைச்சிருக்கமாட்டாய் எண்டு தெரியும் பிள்ளை" என்று குசினி மேசையில் வைத்தா. அந்த மாதம் எந்தத் தமிழ் வீட்டில்தான் ஒழுங்காகச் சமைத்தார்கள்? நாங்கள் அதை அன்பு என்றுதான் எடுத்தோம்.

அன்ரி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. இவளும் அழுதாள். அதுவும் அந்த நாட்களில் புதினமில்லை. அந்த மாதம் எங்கள் ஆட்கள் கடையிலும் கண்டால் அழுதார்கள், பஸ்ஸிலும் கண்டால் அழுதார்கள். "அவன் நல்ல பிள்ளை" என்றா அன்ரி. "ஓம் அன்ரி, நல்ல பிள்ளை" என்றாள் இவள். அங்கிள் சோபாவின் விளிம்பில் குந்தியிருந்து நிலத்தைப் பார்த்தார். தேத்தண்ணி ஊற்றப் போன என்னை, "வேண்டாம் தம்பி, இண்டைக்கு இந்த வீட்டிலை ஒண்டும் வேண்டாம்" என்று மறித்தார். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

முக்கால் மணித்தியாலம் இருந்திருப்பார்கள். பிறகு இரண்டு பேரும் எழும்பினார்கள். செருப்பைத் தேடிக் காலில் கொழுவிக்கொண்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய்விட்டார்கள்.

எங்கள் ஆட்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் எழும்பும்போது "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் எழும்பினால் கோபித்துக்கொண்டு போகிறான் என்று அர்த்தம். ஒரே ஒரு வீட்டில்தான் அதைச் சொல்லக்கூடாது. அது செத்த வீடு. அங்கே "போட்டு வாறன்" என்றால், இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று சொன்ன மாதிரி. அதனால் பேசாமல் எழும்பிப் போவார்கள். வீட்டுக்காரரும் "போட்டு வாங்கோ" என்று சொல்லமாட்டார்கள்.

மனைவி திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்ரி போட்டு வாறனெண்டு சொல்லேல்லை" என்றாள்.

"மறந்துபோச்சாக்கும்."

"அங்கிளும் சொல்லேல்லை." அவள் என் பக்கம் திரும்பினாள். "அவைக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. எங்களுக்குச் சொல்லாமல் மறைக்கினம். என்ரை தம்பிக்கு என்ன நடந்தது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எலிவேற்றருக்கு நிற்காமல் பதினொரு மாடியும் படியால் இறங்கி ஓடினேன். பார்க்கிங்கில் அங்கிள் காரை எடுக்கிற நேரம், முன்னால் போய் நின்று பொனற்றில் கையால் அடித்தேன். அன்ரி கண்ணாடியை இறக்கினா.

"என்ன தெரியும் உங்களுக்கு? ஆர் சொன்னது?" என்று கத்தினேன். வயது, மரியாதை ஒன்றும் பார்க்கவில்லை.

"என்ன தம்பி கேக்கிறாய்? செய்தி உங்களுக்குத்தானே வந்தது?"

"எங்களுக்கு ஒரு கோதாரிச் செய்தியும் வரேல்லை!"

அன்ரி வாயைக் கையால் மூடிக்கொண்டா. "ஐயோ முருகா! நான் அவளின்ரை தலையைப் பாத்தெல்லே நினைச்சன். எவ்வளவு வடிவாத் தலையை வைச்சிருக்கிற பிள்ளை. அண்டைக்குக் கடையிலை பாத்தால் நரை விட்டுக் கிடக்கு. துடக்குக்கு டை அடிக்காமல் விட்டிருக்கு, அவளின்ரை தம்பி செத்துப்போனான் எண்டு நினைச்சிட்டன். வாயாலை கேக்க மனம் வரேல்லை தம்பி. எப்பிடிக் கேக்கிறது?"

எனக்கு மூச்சு வாங்கியது. ஏச வேண்டும் போலவும் இருந்தது, அந்த மனுசியின் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. ஒரு தலைமயிரைப் பார்த்து ஒருவனைச் சாகக் கொடுத்துவிட்டார்களே! ஆனால் செத்த வீட்டுத் துடக்கு என்றால் எங்கள் வீட்டிலும் டை அடிக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? நானும் கடையில் வேறொருத்தியை அப்படிக் கண்டிருந்தால் அதைத்தான் நினைத்திருப்பேன்.

அங்கிள் காரை நிற்பாட்டினார். "இறங்கும்" என்றார் அன்ரியிடம். "மேலை போய்ச் சொல்லிப்போட்டு வருவம்."

மூன்று பேரும் திரும்ப எலிவேற்றரில் ஏறினோம். மனைவி இன்னும் அதே கதவடியில் நின்றாள். அன்ரி அவளுக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரி உரத்துச் சொன்னா:

"பிள்ளை, நாங்கள் போட்டு வாறம்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஓம் அன்ரி. போட்டு வாங்கோ" என்றாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு இரண்டு தரம் மூச்சு எடுக்க வேண்டியிருந்தது.

கதவைச் சாத்தியதும் குளியலறைக்குப் போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். நான் பின்னால் நின்றேன். விரலால் வகிட்டை விரித்துப் பார்த்தாள். "என்ரை பிழை" என்றாள். "நான்தான் அவனைச் சாகக் கொடுத்திருக்கிறன்."

"விசர்க் கதை கதையாதையும்."

"கடைக்குப் போட்டு வாங்கோ. டை வேணும். இண்டைக்கே வேணும்."

நான் அதுவரை டை வாங்கப் போனதில்லை. பார்மசியில் அந்தத் தட்டைப் பார்த்தால் தலை சுற்றியது. எத்தனை பெட்டிகள்! ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள், ஒவ்வொருத்திக்கும் ஒரு நம்பர். கறுப்பிலேயே மூன்று வகை இருந்தது. நீலம் ஓடுகிற கறுப்பு, வெறும் கறுப்பு, கறுப்பா மண்ணிறமா என்று முடிவெடுக்காத ஒன்று. கண்டறியாத கறுப்பு! பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவி என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "உங்கள் மனைவிக்கா?" என்று கேட்டா. "ஓம், அவளுடைய தம்பிக்கு" என்று சொல்லிவிட்டேன். கிழவி விலகிப் போய்விட்டா.

மனைவி எப்போதும் அடிப்பது மூன்றாம் நம்பர். இந்த நாட்டு வெளிச்சத்துக்கு முழுக் கறுப்பு முகத்தைக் கடுமையாகக் காட்டும் என்று, பார்த்துப் பார்த்து எடுத்த நம்பர் அது. பதினைந்து வருடம் பிடரிக்கு அடித்தவனுக்கு அது தெரியாது. போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். எனக்கு இருந்த அவசரத்தில், கறுப்பு என்றால் கறுப்புத்தானே என்று, ஒன்றாம் நம்பரில் இரண்டு பெட்டி தூக்கிக்கொண்டு வந்தேன்.

அவள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். ஏச்சு விழப்போகிறது என்று நின்றேன்.

"உது கன கறுப்பு" என்றாள். பிறகு, "இருக்கட்டும். பாக்கிற ஆக்களுக்கு ஒரு சந்தேகமும் வரக்கூடாது" என்றாள்.

அன்றைக்கு அவள் பெட்டியை என் கையிலேயே திருப்பித் தந்தாள். அதனால் முழுத் தலையும் என் பொறுப்பானது. குசினிக் கதிரையைக் குளியலறைக்குள் கொண்டுபோய் வைத்து, பழைய துவாயைத் தோளில் போட்டு, அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். நெற்றி ஓரத்திலும் காதிலும் வாஸ்லீன் பூசினேன். தலையை நாலு பங்காகப் பிரித்துக் கிளிப் கொழுவினேன். இரண்டு குப்பியையும் ஒன்றாக ஊற்றிக் குலுக்கினேன். பெட்டிக்குள் இருந்த மெல்லிய கையுறை என் கைக்குச் சிறிது. விரல் நுனி கிழிந்தது. "முதல்லை வேர். வேரிலை நல்லா விடுங்கோ. நுனிக்குப் பிறகு" என்றாள். குப்பியின் வாயை வகிட்டில் வைத்துக் கோடு இழுத்து, விரலால் தேய்த்து, அடுத்த வகிடு எடுத்துத் திரும்பவும் கோடு இழுத்தேன். பிடரிக்கு மட்டும் அடித்தவனுக்கு உச்சந்தலை புது ஊர். வலது காதுக்கு மேலே மயிர் முளைக்காத ஒரு சின்னத் தழும்பு இருந்தது. இவ்வளவு காலமும் நான் அதைக் கண்டதே இல்லை.

"உது என்ன?"

"அவன் எறிஞ்ச கல்லு. மாங்காய்க்கு எறிஞ்சவன். எனக்குப் பட்டிட்டுது. அண்டைக்கு என்னைவிட அவன்தான் கூட அழுதவன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். மாசிக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். இந்தத் தலையை நான் எவ்வளவு பகிடி பண்ணியிருப்பேன் என்று வெட்கமாக இருந்தது. தழும்பில் டை படாமல் விரலால் மறைத்துக்கொண்டு, மிச்சத்தை மெதுவாக அடித்தேன்.

அரை மணித்தியாலம் ஊற வேண்டும். அவள் கதிரையில் இருந்தாள், நான் குளிக்கிற தொட்டியின் விளிம்பில் இருந்தேன். "அவன் இருக்கிறானெல்லே?" என்று கேட்டாள். இருக்கிறான் என்று சொல்ல எனக்கு என்ன ஆதாரம் இருந்தது? "இருக்கிறான்" என்றேன். பிறகு தொட்டிக்குள் தலையைக் குனியவைத்து, தண்ணீர் தெளிவாக ஓடும்வரை கழுவிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஐந்து கிழமைக்கு ஒருமுறை நாள் தவறாமல் அடித்தோம். ஒன்றாம் நம்பர்தான். முகம் கடுமையாகத்தான் தெரிந்தது. ஆனால் கோயிலில் காண்பவர்கள் கையைப் பிடித்து அழுவதை விட்டுவிட்டு, "தம்பியின்ரை செய்தி ஏதும் வந்ததே?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி அவளுக்குப் போதுமாக இருந்தது. ஒருநாள் காய்ச்சலோடு கிடந்தவள், அன்றைக்குத் தவணை என்று எழும்பி வந்து கதிரையில் இருந்தாள். "நாளைக்கு அடிப்பம்" என்றேன். "நாளைக்கெண்டு விடத்தான் கூடாது" என்றாள்.

புரட்டாதியில் போன் வந்தது. முன்பின் தெரியாத ஒருவர். முகாமிலிருந்து வெளியே வந்தவராம். "உங்கடை தம்பி எங்கடை கூடாரத்துக்கு அடுத்த வரிசையிலைதான் இருந்தவர். சுகமாயிருக்கிறார், சொல்லச் சொன்னவர்" என்றார். இவள் போனைக் கீழே போட்டுவிட்டு என் முதுகில் மாறி மாறி அடித்தாள். "சொன்னனான்தானே! சொன்னனான்தானே!" என்றாள். சத்தியமாக வலித்தது. நான் அழுதது வலியால் என்று சொல்லித் தப்பிக்கொண்டேன்.

அடுத்த வருடம் அவனை முகாமிலிருந்து வெளியே விட்டார்கள். வவுனியாவில் ஒரு நண்பனின் அறையில் தங்கினான். போனில் பேசினான், குரல் அதே குரல். ஞாயிற்றுக்கிழமை கொம்பியூட்டரில் முகம் பார்த்துப் பேசுவோம் என்றான். அதற்கு முதல், வியாழக்கிழமை, நண்பன் எடுத்த படம் ஒன்றை ஈமெயிலில் அனுப்பினான்.

மனைவி படத்தைத் திறந்தாள். நான் பின்னால் நின்றேன். கதிரையில் ஒரு கிழவர் இருந்தார். தலை முழுக்க வெள்ளை, தாடி வெள்ளை, புருவமும் அரைவாசி வெள்ளை. கண்ணைப் பார்த்தபிறகுதான் அது அவன் என்று தெரிந்தது. நாற்பது வயது ஆகாதவன்.

எழும்பிப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்தினாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் நிற்காமல் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தைத் தலையில் போட்டு நகத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யிறீர்?"

"போகுதில்லை. உது போகுதில்லை."

"போகாது. போகாத டைதானே வாங்கினது."

"அவன் அங்கை பங்கர்க் குழிக்குள்ளை நரைச்சுக்கொண்டிருக்க, நான் இஞ்சை கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு கறுப்படிச்சிருக்கிறன். எந்த முகத்தோடை அவனுக்கு முன்னாலை இருக்கிறது?"

"அவனுக்காகத்தானே அடிச்சனீர்."

"அது உங்களுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமே?"

கத்தரிக்கோலை எடுத்து என் கையில் தந்தாள். "ஒட்ட வெட்டிவிடுங்கோ. வேரிலை நரை கிடக்கு. அது தெரியட்டும்." எனக்குப் பொறுக்க முடியவில்லை. "உமக்கு விசரே? உயிரோடை வந்தவனுக்கு முன்னாலை மொட்டைத் தலையோடை போய் இருக்கப்போறீரோ?" என்று கத்தி, கத்தரிக்கோலைக் கொண்டுபோய் என் காருக்குள் வைத்துப் பூட்டினேன். மூன்று நாள் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கொம்பியூட்டருக்கு முன்னால் வந்து இருந்தபோது, பனிக்காலத்துக் கம்பளிச் சால்வையால் தலையை நெற்றிவரை சுற்றியிருந்தாள். ஆடி மாதம். ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. நான் அதைக் காணாத மாதிரி நின்றேன். சொன்னால் எழும்பிப் போய்விடுவாள் என்று பயம்.

திரை கொஞ்ச நேரம் கறுப்பாக இருந்து, பிறகு அவன் வந்தான். "அக்கா" என்றான். "என்ரை குஞ்சு" என்றாள் இவள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சாப்பிட்டியா, சாப்பிட்டன், நித்திரை கொள்ளுறியா, கொள்ளுறன் என்று ஏதோ பேசினார்கள்.

"என்னக்கா தலையிலை? அங்கை இப்பவும் குளிரே?"

"ஓம். சரியான குளிர்."

"அத்தான் கையில்லாத பெனியனோடையெல்லே நிக்கிறார்."

நான் நகர்ந்து மறையப் பார்த்தேன். காலம் கடந்துவிட்டது.

"எடு அக்கா, பாப்பம்" என்றான். இவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "தலையிலை ஏதும் காயமோ? வருத்தமோ?" அவனுடைய குரல் பதறியது. அந்தப் பதற்றத்தை இவளால் தாங்க முடியவில்லை. சால்வையை மெல்லமாக அவிழ்த்தாள். மயிர் தோளில் விழுந்தது. ஒன்றாம் நம்பர் கறுப்பு. களவெடுத்துப் பிடிபட்டவள் போல அவள் குனிந்துகொண்டாள். "அடிச்சதடா" என்றாள். "மன்னிச்சுக்கொள்."

அவன் அவளுடைய தலையையே பார்த்தான். அசையவும் இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நான் மவுஸில் கை வைத்தேன். அப்போது அவன் பேசினான்.

"அக்கா, இஞ்சை நான் தேடிப் போற ஒருத்தரும் இல்லை. இருக்கிற ஆக்களையும் பாத்தால் அடையாளம் தெரியேல்லை. என்னையே எனக்குத் தெரியேல்லை. நீ அப்பிடியே இருக்கிறாய். நீ ஊரை விட்டுப் போன அண்டைக்கு நிண்ட மாதிரியே இருக்கிறாய். விடாதை அக்கா. நல்லா அடி. எனக்குப் பழைய ஆக்களிலை ஒராளெண்டாலும் மிச்சம் வேணும்."

மனைவி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள்.

"கையை எடு அக்கா" என்றான் அவன். "மறைக்குது."